விரலை முகர்ந்து பார்க்கிறவர்கள்

1

ரங்கூனில் நான் கால் வைத்து இந்த ஆடி அமாவாசையோடு பன்னிரண்டு வருஷம் நிறைகிறது. ஊரில் இருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று ஒவ்வொரு ஆடிக்கும் நினைப்பேன். பொன் பூசிய பெரிய பகோடாவைப் பற்றி எழுதலாம், ஆற்றையும் நீராவிப் படகுகளையும் பற்றி எழுதலாம். அதையெல்லாம் பத்து நாள் தங்கிப் போகிறவர்களே எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் ஒரு பெரிய அதிகாரியின் சம்சாரத்தின் கையைப் பிடித்து, விரலை முகர்ந்து பார்த்து, வேலை போகிற நிலைமைக்கு நான் வந்த கதையை எழுதுகிறேன். இந்தத் தப்பைச் செய்ய எல்லோராலும் முடியாது. அதற்குக் காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரன் வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

என் பெயர் ஏகாம்பரம். ஊரில் தறியில் உட்கார்ந்தவன்; இங்கே ஆற்காட்டு சாயபு ஒருவருடைய ஜவுளிக் கடையில் பட்டு அலமாரிக்குப் பொறுப்பு. வீட்டில் குப்பம்மாள், பதினோரு வயதில் ஒரே மகள் சரோஜா. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

எங்கள் தெருவில் வெளிச்சம் வருவதற்கு முன்பே தறிச் சத்தம் வந்துவிடும். வாசல் தெளிக்கிற பெண்கள் பாவு ஓடுகிற நாளில் கோலத்தைச் சின்னதாகப் போட்டு ஓரமாக ஒதுக்குவார்கள். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தியாக வேண்டும். யார் வீட்டுப் பாவு என்று கேட்காமல் நாலு பேர் வந்து கை கொடுப்பார்கள்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் காலை ஆகாரம். கேழ்வரகுக் கூழ், இல்லாவிட்டால் பழையது. தொட்டுக்கொள்ள உப்பும் ஒரு பச்சை வெங்காயமும். எண்ணெய், நெய், மஞ்சள் எதுவும் கிட்டே வரக்கூடாது. வசதி இல்லாமல் இப்படிச் சாப்பிட்டோம் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம், இரண்டு மாடு வைத்திருந்த வீட்டிலும் காலையில் நெய்ச் சட்டி உறியை விட்டு இறங்காது. தறியில் இருப்பது பட்டு. விரலில் ஒட்டின எண்ணெய் ஒரு பொட்டு பட்டால் போதும். புடவையை முடித்து வெளிச்சத்தில் விரிக்கிற அன்றைக்கு அந்தப் பொட்டு ஒன்றுதான் கண்ணில் படும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஆகவே தறி இருக்கிற அறையின் வாசற்படியில் என் அம்மா நின்றுகொள்வாள். "கைய காட்டு" என்பாள். அப்பா முதல் கடைக்குட்டி வரைக்கும் எல்லோரும் கையை நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரலாக முகர்ந்து பார்த்து, கட்டை விரலைக் கடைசியில் முகருவாள். வெங்காய வாசனைக்கு மன்னிப்பு உண்டு. எண்ணெய் வாசனைக்குக் கிடையாது, சீயக்காய்த் தூளோடு கிணற்றடிக்குத் துரத்திவிடுவாள்.

அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் இட்லி. கோயிலில் படைக்கிற மாதிரியே மிளகும் சீரகமும் சுக்கும் இடித்துப் போட்டு, மந்தாரை இலை வைத்த கூடையில் வேகவைத்து, நெய்யும் நல்லெண்ணெயும் வழிய வழியத் தின்போம். முழங்கை வரைக்கும் எண்ணெய் இறங்கும். யாரும் முகர்ந்து பார்க்க மாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள் எங்கள் கை எங்களுக்குச் சொந்தம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். தெருக்கோடியில் ஒரு அம்மாள் விடியற்காலையிலேயே வடை சுட ஆரம்பித்திருந்தாள். குளத்துக்குக் குளிக்கப் போன அப்பா அன்று கொஞ்சம் தாமதமாகத் திரும்பினார். அம்மா கையை முகர்ந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே வடை வாசனை குப்பென்று வந்தது. அம்மா நிதானமாக, "சுத்தமா இருக்குது. எதிர் வூட்டுல பாவுக்கு ஆள் பத்தலையாம், கொஞ்சம் போய் கஞ்சி போட்டுட்டு வாங்க" என்றாள்.

"அம்மா, வடை வாசனை அடிக்குதும்மா" என்றேன் நான்.

நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அப்பா எதிர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் கஞ்சியில் கையைத் துழாவிவிட்டு வந்தார். கஞ்சி எண்ணெயை எடுத்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. உண்மையைச் சொன்னவனுக்கு எதற்குக் குட்டு என்று மட்டும் ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது.

3

கப்பலை விட்டு இறங்கிய மறுநாளே ஒரு தப்பு செய்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் முதலாளியின் குணம் விளங்கும்.

நான் வந்து சேர்ந்த நாள் ஆடி அமாவாசை. மறுநாள் காலை முதலாளி என்னைத் தம் வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார். "மொத நாளு. நல்லா நாஷ்டா பண்ணுபா" என்றார். நான் சைவம் என்பதை விசாரித்து வைத்துக்கொண்டு, நெய் சொட்டும் பூரியும் உருளைக்கிழங்கும் அல்வாவும் போட்டார்கள். கையெல்லாம் நெய். எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடல் தாண்டி வந்ததில் இந்த ஊர்க்காரர்களுக்கு அமாவாசை ஒரு நாள் தள்ளி வருகிறது போலிருக்கிறது, இன்றைக்கு விடுமுறை என்று தீர்மானித்துவிட்டேன். நேரே ஏரிக்கரைக்குப் போய் ஒரு மரத்தடியில் படுத்துத் தூங்கி, பொழுது சாயும்போது கடைக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

"எங்கபா போய்க்கினு வர்ற?" என்றார் முதலாளி.

"லீவு நாளுங்களே மொதலாளி."

"யார்ரா சொன்னது லீவுன்னு?"

"நாஷ்டாவுல நெய் இருந்ததுங்க" என்றேன்.

அவருக்கு முழுக் காரணத்தையும் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கேட்டு முடித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் முதல் பட்டு அலமாரிச் சாவி என்னிடம் வந்தது. கடைக்குப் பின்பக்கம் ஒரு தொட்டியும் சவுக்காரக் கட்டியும் துண்டும் வந்தன. கை கழுவாமல் எவனும் பட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார்.

4

இங்கே எங்கள் காலை நேரத்தைப் பார்த்தால் ஊரில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை. தண்ணீர் கீழே குழாயில் வரும், குடம் வரிசையில் நிற்கும். கீழ் வீட்டு பர்மியப் பெண் விடிந்ததும் நாப்பி வறுக்க ஆரம்பித்துவிடுவாள். நாப்பி என்பது இறாலையும் மீனையும் உப்புப் போட்டு ஊறவைத்து இடிக்கிற சாமான். அதை எண்ணெயில் வறுத்துச் சோற்றோடு தின்பது இவர்களுக்குப் பெரிய சுகம். தின்கிறவர்களுக்கு மணம். குப்பம்மாளுக்கு அது ஆகவே ஆகாது. தினமும் சாம்பிராணி போட்டு அந்த வாசனையோடு சண்டை பிடிக்கிறாள், பன்னிரண்டு வருஷமாகத் தோற்றுக்கொண்டும் இருக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் நாங்கள் மூவரும் நாப்பியை அடையாளம் சொல்லிவிடுவோம்.

தறி இல்லாத இந்த வீட்டிலும் குப்பம்மாள் விடுவதில்லை. பழையதைப் போட்டுவிட்டு, நான் படி இறங்குவதற்கு முன் கையைப் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். "கடையில பட்ட தொடுற கைதானே" என்பாள். நியாயம்தான். இருந்தாலும் நாளெல்லாம் அவள் என் கையைப் பிடிப்பது அந்த ஒரு தடவைதான் என்பதால், நான் கையை முன்கூட்டியே நீட்டி வைத்துக்கொள்வேன்.

சரோஜாவின் கதை வேறு. அவளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும். கூழைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறாள். "கைய காட்டுடி" என்றால், "நான் இன்னா தறி நெய்யவா போறேன்?" என்று கேட்டுவிட்டு, அதே வெண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவள் பாடப் புத்தகங்களை வெளிச்சத்தில் பிடித்தால், வெண்ணெய் ஊறிய இடமெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஜன்னல். ஒருநாள் அவளுடைய கட்டுரை நோட்டைப் புரட்டினேன். காலையில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் முட்டை என்று எழுதியிருக்கிறாள். முட்டையின் ருசி இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. குப்பம்மாளுக்கு எழுத்து வாசனை இல்லாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

5

போன மாதம் ஒரு காலை. கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மயில்கழுத்து நிறத்தில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று ஊரிலிருந்து வந்திருந்தது. பெட்டியைப் பிரித்து அதைப் பலகைமேல் விரித்துக்கொண்டிருந்தேன். அந்த நிறத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நான் ரங்கூனில் இல்லை.

அப்போது ஒரு பர்மிய அதிகாரியும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். அரசாங்கத்தில் ரொம்பப் பெரிய உத்தியோகம் என்று பின்னால் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் பூ, முகத்தில் சந்தனம் மாதிரி ஒரு பூச்சு. புடவையைப் பார்த்ததும் ஆசையோடு கையை நீட்டினாள்.

என் கை என்னைக் கேட்காமலே போயிற்று. அந்த அம்மாளின் மூன்று விரல்களைப் பிடித்தேன், மூக்குக்குக் கொண்டு வந்தேன், முகர்ந்தேன். "நாப்பி" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். புடவையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தம் மனைவியை ரொம்ப நேரம் பார்த்தார். இருவரும் வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

முதலாளி கல்லாவுக்குப் பக்கத்து மெத்தையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "ஏகாம்பரம், பன்னெண்டு வருசத்துல ரெண்டு தப்பு. ரெண்டும் இந்தக் கையால. பெரிய பேஜாராப் போச்சேபா" என்றார். சிரிக்கவில்லை.

6

மூன்றாம் நாள் அந்த அதிகாரியின் சேவகன் ஒருவன் உறை கொண்டுவந்தான். முத்திரை, எண், அடியில் நீளமான கையெழுத்து. கடைச் சிப்பந்தி ஒருவன் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது பற்றி, ஏழு நாளைக்குள் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில், மூன்று பிரதிகள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் விஷயம் மேலே போகும்.

"மேல போச்சுன்னா என் கடை லைசன்ஸ் வரைக்கும் வரும்பா" என்றார் முதலாளி. "அவரு ஒத்துக்கினா நீ இரு. ஒத்துக்கலைன்னா வர்ற கப்பல்ல உனக்கு டிக்கெட் எடுத்துத் தரேன். எனக்கு வேற வழி தெரியல." சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஊரில் தறியைத் தம்பியிடம் விட்டுவிட்டேன். சரோஜாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

ஆங்கிலம் எழுத வீட்டில் ஒருத்திதான். நான் சொல்லச் சொல்ல சரோஜா எழுதினாள். பாட்டி என்று அவள் பார்த்தே இராத என் அம்மா வாசற்படியில் நின்றதை, சீயக்காயை, அமாவாசையை எல்லாம் சொன்னேன்; என் மூக்கு பொய் சொல்லாது என்றும் சேர்க்கச் சொன்னேன். பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

"மோந்து பாத்தேன்னு எழுதினா அசிங்கம்பா. பரிசோதிச்சேன்னு எழுதறேன்" என்றாள். "இது ஸ்கூல்ல தெரிஞ்சா என்னை என்னா சொல்வாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முட்டை துன்ற வூட்டுப் பொண்ணுன்னு நினைச்சுக்கினு இருக்காங்களே" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் மளமளவென்று எழுதி முடித்தாள். மூன்று பிரதியும் அழகான எழுத்து. ஒரு பிரதியில் மட்டும் ஓரத்தில் வெண்ணெய்ப் பொட்டு. வேறு தாள் இல்லாததால் அப்படியே அனுப்பினோம்.

 அந்த ஏழு நாளும் காலையில் குப்பம்மாள் என் கையை முகர்கிற நேரம் கொஞ்சம் நீண்டது.

7

சனிக்கிழமை காலை வண்டி வந்து நின்றது. அதிகாரி முன்னால், அந்த அம்மாள் பின்னால். அவர் கையில் எங்கள் கடிதமும் புகாரும் இருந்தன. கடைத்தெரு இந்துஸ்தானியில் பேசினார், மெதுவாகத்தான் பேசினார்.

"உன் பதிலைப் படித்தேன். உங்கள் ஊர் வழக்கம் என்கிறாய். இருக்கலாம். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். இவளுக்கு வயிற்றில் புண். மூன்று மாதத்துக்கு எண்ணெய், காரம், நாப்பி எதுவும் கூடாது, கஞ்சி மட்டும்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் கஞ்சிதான் குடித்தேன் என்று என்னிடம் சொல்கிறாள். அன்றைக்கு நீ வேறு சொன்னாய்." கையில் இருந்த கடிதத்தைத் தட்டினார். "உன் மூக்கு பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்கும் பார்த்துச் சொல். சொன்னால் இந்தப் புகாரைக் கிழித்துவிடுகிறேன்."

முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் தானே கையை நீட்டினாள். நான் இரண்டு விரலால் பட்டும் படாமலும் பிடித்துக் குனிந்தேன். முகர வேண்டிய அவசியமே இல்லை, ஒரு முழத் தூரத்திலேயே தெரிந்தது. இன்றைக்கு நாப்பியோடு பூண்டும் வறுத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கண்களில் அதிகாரியின் மனைவி இல்லை. குளத்துக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய என் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"சவுக்காரம்" என்றேன்.

அதிகாரி புகாரையும் கடிதத்தையும் சேர்த்து நாலாகக் கிழித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவளை நம்ப வேண்டும் என்றுதான் அந்த மனுஷர் என்னிடம் வந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. முதலாளி மகிழ்ச்சியில் எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.

அந்த மயில்கழுத்துப் புடவையை அந்த அம்மாளுக்கு மறுபடி விரித்துக் காட்டினேன். ஒரு இடத்தில்கூட அவள் கை படாதபடி நானே பிரித்து, நானே திருப்பி, வெளிச்சத்தில் நானே தூக்கிப் பிடித்தேன். அவளுக்கும் விஷயம் தெரிந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்து முடித்தாள். அதிகாரி புடவைக்குப் பணம் கொடுத்துவிட்டு வண்டிப் பக்கம் போன நேரத்தில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை பர்மிய பாஷையில், "எங்கள் ஊரில் எண்ணெய் அமாவாசைக்கு மட்டும்தான்" என்றேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். அவள் வயிற்றுக்கு நீ பொறுப்பா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம், அன்று முதல் நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

8

மத்தியானச் சாப்பாட்டுக்குப் படி ஏறும்போது கால் தரையில் நிற்கவில்லை. வேலை தங்கிவிட்டது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். குப்பம்மாள் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தாளாம். சரோஜா துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். தான் எழுதிய கடிதத்தால்தான் எல்லாம் நடந்தது என்று அவளுக்கு ஒரே பெருமை. வேடிக்கையாக என் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவளாக இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"அய்யே. அம்மா, அப்பா கையில நாப்பி வாசனை அடிக்குதும்மா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் நடந்த குதூகலத்தில், அந்த அம்மாளின் விரலைப் பிடித்த கையைக் கழுவ மறந்திருக்கிறேன், பட்டு அலமாரிக்குப் பொறுப்பான நான். குப்பம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையை வாங்கினாள். சுண்டு விரலில் ஆரம்பித்துக் கட்டை விரல் வரைக்கும் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஏழு தலைமுறைச் சைவத்தில் வந்தவள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"சவுக்காரம்டி" என்றாள்.

"இல்லம்மா, நல்லா மோந்து பாரு—"

சரோஜாவின் நடுமண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "போய் எல எடுத்துப் போடு. பெரியவங்க கைய மோந்துக்கினு."

நான் தின்னவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லியிருக்கலாம். சொன்னால், கடையில் சொன்ன பொய்யை சரோஜா திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாள். அவளோடு படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள். அதனால் பேசாமல் மணையில் உட்கார்ந்தேன். குப்பம்மாள் சோறு கொண்டுவந்தாள். இலைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும், சின்னக் கிண்ணத்தில் சீயக்காய்த் தூளும் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.